பத்து பத்துக்குக் கிளம்பும் விமானம்

பாஸ்போர்ட்டை மேசை மேல வச்சுட்டு, "ஹூஸ்டன் போவணும் மேடம், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள"ங்கான். மேடமாம். இருபது வருஷத்துக்கு முன்னால இதே வாயி என்னைப் பார்த்து "பிளைட்ல போவ உங்களுக்கு ஒண்ணும் பயமில்லையே"ன்னு கேட்டுச்சு. கூடத்துல பதினஞ்சு பேரு உக்காந்திருந்தாவ, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே இல்லைன்னு ஆட்டினேன். இன்னைக்கும் தலை குனிஞ்சுதான் இருக்கு, கீபோர்டைப் பார்த்து. அம்பலவாணன். பேரைப் படிக்க முன்னாடியே காதைப் பார்த்துட்டேன். மடல் கன்னத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அப்பவே எங்க சித்தி சொன்னா, மாப்பிள்ளைக்குக் கடுக்கன் போட இடமில்லையேன்னு, எல்லாரும் சிரிச்சோம். முடி போயிட்டு, தொப்பை வந்துட்டு, காது மட்டும் அப்படியே இருக்கு. நான் மாறிட்டேன் போல. இல்லாட்டி மாறாமயே இருந்திருந்தாலும் அவனுக்குத் தெரிஞ்சிருக்காது, ஒருத்தி முகத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போனவன் எதுக்கு ஞாபகம் வச்சிருக்கப் போறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டை ரோட்டுல பஸ்காரன் ஆரனை விடாம அழுத்துதான். புதன்கிழமை சாயங்காலம், மணி அஞ்சு இருபது. ஆபீஸ்ல நானும் இவனும்தான். முதலாளி ஜெபராஜ் அண்ணாச்சி டீ குடிக்கப் போனாவ, போனா அரை மணி நேரம். கடவுளே, அந்த மனுசனை இன்னும் ஒரு டீ குடிக்க வையி.

"பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்தேன் மேடம், ரிட்டன் அடுத்த மாசம்தான், பாப்பாவுக்கு அரங்கேற்றம் சனிக்கிழமை நாலு மணிக்கு வச்சுட்டாங்க"ங்கான். இருபது வருஷமா எந்தச் சாஸ்தாவையும் இவனுக்கு ஞாபகம் இருந்த மாதிரி நான் கேள்விப்படல. சரி, குலதெய்வம் கூப்பிட்டுக் கொண்டாந்து என் முன்னால உக்கார வச்சிருக்கு, அந்தச் சாமிக்கு நான் தனியா ஒரு தேங்கா உடைக்கணும். திருவனந்தபுரம், ஹூஸ்டன், ஒருத்தர், வெள்ளிக்கிழமை. தட்டுதேன். விரல் தப்புத் தப்பா அடிக்குது, சனியன் பிடிச்ச விரலு, எத்தனை ஆயிரம் தடவை இந்த எழுத்தைத் தட்டியிருக்கு. திரையில வட்டம் சுத்துது. திருவனந்தபுரத்துல இருந்து ஹூஸ்டன் நேர்கோட்டுல பதினஞ்சாயிரத்து அறுநூத்திச் சொச்சம் கிலோமீட்டர். இதை எந்தத் திரையையும் பார்த்துச் சொல்ல வேண்டாம் எனக்கு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். வண்ணாரப்பேட்டையில டிக்கெட் போடுத கோர்ஸ் படிக்கப் போன முதல் நாளே அங்க இருந்த பூகோள உருண்டையில தையல் நூலை வச்சு அளந்தேன். நூலு கிழக்கயும் போகல, மேற்கயும் போகல, நேரா வடக்க ஏறி, துருவத்துப் பனிக்கட்டிக்குப் பக்கமாப் போயி, அந்தப் பக்கம் இறங்குச்சு. சொல்லிக் குடுத்த சார் சிரிச்சாரு, எந்த பிளைட்டும் அப்படிப் போகாதும்மான்னாரு. நேரா பறந்தா எத்தனை மணி நேரம் சார்? பதினேழு, பதினெட்டு. நின்னு நின்னு வந்தா? இருபத்தி நாலு, இருபத்தி ஆறு. அப்ப ஒரு நாள். அப்ப வந்திருக்கலாம். எதுக்கும்மா கேக்கன்னாரு. சும்மாதான் சார்.

வந்திருக்கலாம். அதுலதான் வந்து வந்து நிக்கும் எனக்கு. வியாழக்கிழமை மத்தியானம் இறங்குவான், வெள்ளிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம், லீவு ஒரு வாரம்தான், அதனால கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தாப் போதும்னு அவன் அண்ணன் சொன்னாவ, நாங்களும் பல்லைக் காட்டிக்கிட்டு சரின்னோம். மாப்பிள்ளையை மாலை போட்டுக் கூட்டிட்டு வரணும்னு அப்பாவுக்கு ஆசை. தாலுகா ஆபீஸ்ல குனிஞ்சே நடந்த மனுசன், அன்னைக்குச் சலவைச் சட்டை போட்டு, தென்காசி பஜார்ல கட்டின ரோசாப்பூ மாலையை ஈரத்துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு, வாடகைக் கார்ல செங்கோட்டை வழியா திருவனந்தபுரம் போனாவ. மத்தியான பிளைட்டு வந்துச்சு. ஆளுக வெளிய வந்தாவ. இவன் வரல. ராத்திரி அவன் அண்ணன் போன்ல சொல்லுதாவ, பிராங்க்பர்ட்டுல கனெக்‌ஷன் விட்டுட்டானாம், அடுத்ததுல ஏறி காலையில வந்துருவானாம். எங்க வீட்டுல ஒருத்தருக்கும் கனெக்‌ஷன்னா என்னன்னு தெரியாது. எங்க மாமா ஒருத்தர், ரயில்ல இஞ்சின் மாத்துவாம்லா, அது மாதிரின்னு விளக்கம் சொன்னாவ. காலையில அஞ்சு மணிக்கு எனக்குத் தலை சீவி, ராக்கொடி வச்சு, நெத்திச்சுட்டி கட்டி, அரக்குப் பட்டு உடுத்தி மணவறைக்குப் பின்னால அந்தச் சின்ன ரூம்ல உக்கார வச்சாவ. ஏழு ஆச்சு. எட்டு ஆச்சு. மேளக்காரன் ரெண்டு தடவை வாசிச்சு நிறுத்திட்டான். ஒம்பதரைக்கு எங்க சித்தி வந்து நெத்தி வேர்வையை ஒத்தி எடுத்துட்டுப் போனா. பத்து. பத்தே கால். பத்தரை அடிச்சு ராகுகாலம் பொறந்ததும் வெளிய ஒரு சத்தமும் இல்ல, நானூறு பேரு இருக்கிற மண்டபத்துல ஒருத்தர் இருமக்கூட இல்ல. அந்தச் சத்தம் இல்லாததைத்தான் நான் இருபது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். அப்பா பதினொண்ணு மணிக்கு வந்தாவ. ஒரு ராத்திரி முழுக்க ஏர்போர்ட் வாசல்ல நின்னுருக்காவ, வார பிளைட்டுக்கெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டு. மடியில அந்த மாலை. இறக்கி வைக்கத் தெரியாம அதோடயே மண்டபத்துக்குள்ள வந்து நின்னாவ.

அடுத்த பிளைட்டு வரவே இல்ல. அந்த வருஷமே அங்கயே எவளையோ கட்டிக்கிட்டான்னு சேதி வந்துச்சு. எனக்குக் கல்யாணம் ஆகாமப் போச்சுன்னு நினைச்சுராதீங்க, ஆறு வருஷம் கழிச்சு ஆச்சு, எங்க வீட்டுக்காரவ இசக்கிமுத்து கரண்ட் ஆபீஸ்ல இருக்காவ, தங்கமான மனுசன், நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இவனோட போயிருந்தா என்னாயிருக்கும்னு ஒரு நாளும் நான் ஏங்கினது கிடையாது. எனக்கு வேண்டியது அந்த ஒரு காலைக்கு மட்டும் பதில். கோர்ஸ் முடிச்சதும் பழைய டைம்டேபிள் புத்தகம் ஒண்ணைத் தேடிப் பிடிச்சேன், அந்த வருஷத்துது. பிராங்க்பர்ட்டுல அதே நாள் மும்பைக்கு பிளைட்டு இருந்துச்சு. மும்பையில இருந்து விடிகாலை திருவனந்தபுரத்துக்கு ஒண்ணு. ஏழே காலுக்கு வந்து இறங்கியிருக்கலாம், கார்ல ஏறினா பத்து மணிக்குத் தென்காசி, பத்தரைக்கு முன்னால தாலி ஏறியிருக்கும். இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்குச் சாப்பாடு இறங்கல எனக்கு. அப்புறம் நாலு வருஷம் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுல அவன் மதினி கை கழுவுற இடத்துல வச்சு சாவகாசமாச் சொல்லுதா, "அவன் டிக்கெட்டே எடுக்கலையே தாயி, வர மனசில்லன்னு சொல்ல வாயி வராமத்தான் அப்படிச் சொன்னான்." பிராங்க்பர்ட்டும் இல்ல, கனெக்‌ஷனும் இல்ல. வீட்டுல சோபாவுல உக்காந்திருக்கான் மூதி. எங்கப்பா வாசல்ல நிக்காவ. அப்பா போய்ச் சேருத வரைக்கும் அதை நான் அவுககிட்டச் சொல்லல. கனெக்‌ஷன் விட்டுட்டான் பாவம்னே நினைச்சுக்கிட்டுப் போனாவ.

வட்டம் நின்னுட்டு. வரிசையா வந்து விழுந்திருக்கு. முதல்ல நிக்கிறது அருமையான பிளைட்டு, வெள்ளிக்கிழமை காலையில பத்து பத்துக்குத் திருவனந்தபுரத்துல ஏறினா தோஹா, அங்க மூணு மணி நேரம், அங்க இருந்து பதினாறு மணி நேரம், அதே வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொண்ணரைக்கு ஹூஸ்டன். மொத்தம் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் கம்மி. ஒரே டிக்கெட்டு, இடையில எது தாமதமானாலும் கம்பெனிக்காரனே அடுத்ததுல ஏத்தி விடணும். ஒன்பது சீட் காலி. இதை இவனுக்குக் காட்டுவேனா? கீழ போறேன். கீழ, இன்னும் கீழ. இந்தா இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி மும்பை போய் இறங்க ஒரு டிக்கெட்டு, அங்க இருந்து வேற கம்பெனியில ஒரு டிக்கெட்டு. இறங்குறது பதினொண்ணு நாப்பது, ஏறுறது ஒண்ணரை. பாக்கிறவனுக்கு ரெண்டு மணி நேரம் இருக்க மாதிரி தெரியும். ஆனா இறங்குற டெர்மினல் வேற, ஏறுற டெர்மினல் வேற, பெட்டி வார வரைக்கும் நிக்கணும், வெளிய வந்து வண்டி பிடிக்கணும், பன்னெண்டரைக்குக் கவுண்டரை மூடிருவான். தனித்தனி டிக்கெட்டு, விட்டா விட்டதுதான், ஒருத்தனும் பொறுப்பு எடுக்க மாட்டான். அடுத்தது மறுநாள், ஞாயித்துக்கிழமை மத்தியானம் போய்ச் சேருவான், அரங்கேற்றம் முடிஞ்சு ஆளுக கலைஞ்சு பாயெல்லாம் சுருட்டியிருப்பாவ. ஏ யப்பா, என்ன ஒரு சந்தோசம். நெஞ்சுக்குள்ள குளுகுளுன்னு இறங்குது. நிஜமாவே கனெக்‌ஷன் விடட்டும். மும்பை ஏர்போர்ட்டுல பெட்டியை இழுத்துக்கிட்டு ஓடட்டும், மூச்சு வாங்கட்டும், மூடின கவுண்டர் முன்னால நின்னு எட்டி எட்டிப் பார்க்கட்டும் எங்கப்பா மாதிரி. பதினெட்டு வருஷத்துல நான் ஒருத்தருக்கும் தப்பா ஒரு டிக்கெட் போட்டது கிடையாது. அண்ணாச்சி என்னைக் காட்டி எல்லாருட்டயும் பெருமை பேசுவாவ, எங்கம்மா போட்டா பிளைட்டு காத்துக்கிட்டு நிக்கும்னு. ஒண்ணே ஒண்ணு. இந்த ஒண்ணுக்காகத்தான் நான் படிச்சதே போல. ஆனாலும் கை இன்னும் அமுக்கல. பயமா? எதுக்குப் பயம், யாரு கண்டுபிடிக்கப் போறாவ.

போன் அடிக்குது, அவனுது. மேசை மேல இருக்க நாள்காட்டியில சாய்ச்சு வச்சு வீடியோ கால்ல பேசுதான், நான் இருக்கேன்னு ஒரு இது இல்லாம. "அப்பா!"ன்னு ஒரு பிள்ளை. அங்க காலை ஏழு மணி இருக்கும், பதினாலு பதினஞ்சு வயசு, கண்ணுக்கு மை தீட்டி, தலையில சூரியன் சந்திரன் வச்சு, நெத்திச்சுட்டி கட்டி, ஒரு பக்கம் ராக்கொடி சரியா நிக்காம யாரோட கையோ வந்து குத்துது. இன்னைக்கு மேடை பேனருக்கு போட்டோ எடுக்காங்களாம். அந்தப் பிள்ளைக்கு நெத்தியில வேர்வை. ஏட்டி, துடைச்சு விடுங்க யாராவது அதை. "அப்பா, டிக்கெட் கிடைச்சுதா? ப்ராமிஸ் பண்ணீங்க. பர்த்டேக்கும் வரல, ஸ்கூல் கான்சர்ட்டுக்கும் வரல, ட்ராஃபிக்னு சொன்னீங்க. இதுக்கு வருவீங்கதானே?" என் கை மவுஸ் மேல இருக்கு, மும்பை மேல நிக்கி. ஒரு அமுக்கு அமுக்கினா முடிஞ்சுது. ஆனா சனிக்கிழமை நாலு மணிக்குத் திரைக்குப் பின்னால சின்ன ரூம்ல இந்தப் பிள்ளைதான் உக்காந்திருக்கும். அது எட்டி எட்டிப் பார்க்கும். அவன் மும்பையில வேர்த்து நிப்பான், சரி, ஆனா நெத்திச்சுட்டியோட உக்காந்திருக்கப் போறது இது. எளவு, இதை ஏன் நான் முதல்லயே யோசிக்கல? கணக்கெல்லாம் சரியாப் போட்டு இவளை விட்டுட்டேனே. நகர மாட்டேங்கு கை.

"சஹானா கண்ணு, அப்பா இப்போ டிராவல்ஸ்லதான் இருக்கேன்"ங்கான். குரலு தேன் மாதிரி இருக்கு. "டிக்கெட்டே இல்லடா. எல்லாம் ஃபுல்லு. மும்பை வழியா ஒண்ணே ஒண்ணு இருக்கு போல, கனெக்‌ஷன் கிடைச்சா அப்பா வந்துருவேன்." நான் என் திரையைப் பார்க்கேன், எவ்வளவு கீழ போனாலும் முதல் வரி மட்டும் மேலயே நிக்கும். தோஹா, ஒன்பது சீட்டு, பச்சையா மின்னிக்கிட்டு இருக்கு. மேசை மேல எக்கி அவனும் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கான், அவன் கண்ணு அந்த வரியில இருந்து இறங்கி மும்பைக்கு வருது. போனைக் கையால மூடிக்கிட்டு மெதுவா என்கிட்டச் சொல்லுதான், "மேடம், அந்த மும்பையவே போட்டுருங்க." "அது டைட் சார், டெர்மினல் வேற, விட்டாலும் விட்டுரும்"ங்கேன், நானேதான் சொல்லுதேன், பழக்க தோஷம். "விட்டா என்ன செய்ய மேடம், நம்ம கையிலயா இருக்கு"ங்கான். அந்த மூஞ்சியில ஒரு நிம்மதி பார்க்கணுமே. "அவ அம்மா வீட்டு ஆளுங்க நூறு பேரு நிப்பாங்க, நாங்க பிரிஞ்சு மூணு வருஷம் ஆச்சு, அங்க போயி எப்படி மேடம் நிக்க." அட பாவி. அட சண்டாளா. இவ்வளவுதானாடா நீயி. நான் இருபது வருஷமா உன்னை ஒரு பெரிய துரோகியா வச்சு, உக்காந்து உக்காந்து வைராக்கியத்தை வளர்த்தேனே. அங்க ஒருத்தி இருந்திருப்பா, ஒரு மயக்கம் இருந்திருக்கும், ஏதாவது ஒரு காரணம் இருக்கும்னு நினைச்சேனே. ஒண்ணும் இல்ல. நாலு பேரு முன்னால வந்து நிக்க பயம், அம்புட்டுத்தான். முடியாதுன்னு சொல்லவும் பயம். அதனால பிளைட்டு மேல பழியைப் போட்டுட்டு வீட்டுல உக்காந்துக்குவான். அன்னைக்கு பிராங்க்பர்ட், இன்னைக்கு மும்பை. நான் இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்து வெட்டின குழி இவன் படுக்க விரிச்ச பாயா ஆயிட்டு. நான் பழி வாங்கல, இவனுக்கு ஒத்தாசை செஞ்சிருப்பேன்! ஐயோ, என்னா கோவம் வருது, காதுக்குள்ள ரத்தம் இடிக்கிற சத்தம் கேக்கு. உன்னை ஏத்தாம விடுறது தண்டனை இல்லடா. உன்னை ஏத்தி விடுறதுதான் தண்டனை.

போனுக்கு முன்னால குனிஞ்சேன். "பாப்பா, நான் டிராவல்ஸ் ஆன்ட்டி பேசுதேன். டிக்கெட் இருக்கு. உங்க அப்பா வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொண்ணரைக்கு ஹூஸ்டன்ல இறங்குவாங்க. உனக்கு அரங்கேற்றம் சனிக்கிழமை, அதுக்கு முழுசாப் பதினாறரை மணி நேரத்துக்கு முன்னாடியே." "மேடம், மேடம்"ங்கான் இவன், கை நீட்டி போனை எடுக்கப் பார்க்கான், நான் நாள்காட்டியோட சேர்த்து என் பக்கம் நகட்டிக்கிட்டேன். "நிஜமாவா ஆன்ட்டி? மிஸ் ஆகாதுல்ல? அப்பாவுக்கு எப்பவும் மிஸ் ஆயிரும்." "இது ஆகாது. ஒரே டிக்கெட்டு, வழியில என்ன ஆனாலும் அவங்களே கொண்டாந்து விடணும். போற இடத்துல ஒரு நம்பர் குடுக்கணும் கண்ணு, உன் நம்பரையே சொல்லு, டிக்கெட் உனக்கும் வரும். எங்க வரைக்கும் வந்திருக்காங்கன்னு மேப்பில நீயே பார்த்துக்கலாம்." சொல்லுது ஒவ்வொரு எண்ணா, நான் அடிக்கேன், இப்ப விரல் ஒண்ணும் தப்பல. "சார், கார்டு குடுங்க"ங்கேன். பிள்ளை முகம் திரை முழுக்க இருக்கு, அது முன்னால வச்சு இல்லைன்னு சொல்ல இவனுக்கு வாயி ஏது. குடுத்துட்டான். அமுக்கினேன். பிரிண்டர் இரைஞ்சுக்கிட்டுப் பேப்பரைத் தள்ளுது, அதுக்கு முன்னாலயே அங்க அந்தப் பிள்ளை கையில போன் டிங்குங்குது. "வந்துருச்சு! அம்மா, அப்பா டிக்கெட் வந்துருச்சு!"ன்னு கத்துது, பின்னால நாலஞ்சு குரலு. இனி நூறு பேருக்கும் தெரியும் இவன் எத்தனை மணிக்கு இறங்குவான்னு. "தேங்க்யூ ஆன்ட்டி. உங்க பேரு என்ன ஆன்ட்டி?" ஆபீஸ்ல எனக்கு மேடம்னுதான் பேரு, ஜெபராஜ் அண்ணாச்சி எங்கம்மாம்பாவ, வீட்டுல குழலி. நான் முழுசாச் சொன்னேன், அன்னைக்குக் கல்யாணப் பத்திரிகையில அடிச்சிருந்த மாதிரி. "குழல்வாய்மொழி." "வாவ், ப்யூட்டிஃபுல் நேம்"னு சொல்லிட்டு, யாரோ கூப்பிட, ஜடை ஆட ஓடிட்டு.

போன் அணைஞ்சுட்டு. இவன் பேப்பரை எடுக்கவும் இல்ல, எழுந்திரிக்கவும் இல்ல. ஒட்டின காது ரெண்டும் செவந்து கிடக்கு. "தென்காசியா நீங்க"ன்னு கேட்டான். "ஆமா சார். நம்ம முகூர்த்தமும் வெள்ளிக்கிழமைதான்." அந்தக் காலையைப் பத்தி இவன்கிட்ட எத்தனை விதமாச் சொல்லிப் பார்த்திருக்கேன், அடுப்படியில, பஸ்ல, கோயில் பிரகாரத்துல. கத்தி, அழுது, செருப்பைக் கழட்டி. கடைசியில டீ வேணுமா சார்ங்கிற குரல்லதான் வந்துச்சு. அவன் என்னமோ சொல்ல வாயெடுத்தான். மன்னிப்பா இருக்கும், இல்லாட்டி இன்னொரு பொய்யி, எதுவா இருந்தாலும் எனக்கு வேண்டாம். ஏன்னா எனக்குத் தெரியும், இவன் இங்க இருந்து எழுந்திரிச்சுப் போயி நாளைக்கு முழுக்க யோசிப்பான். வயித்துவலிம்பான், வழியில டயரு வெடிச்சுட்டும்பான், ஆளே ஏறாம டிக்கெட் மட்டும் பறக்கும். பதினஞ்சாயிரத்து அறுநூறு கிலோமீட்டரைத் தாண்டுறது பெரிசில்ல, வீட்டு வாசப்படியில இருந்து பிளைட்டு வாசல் வரைக்கும் இருக்க தூரம்தான் இவனுக்குப் பெரிசு. நான் இதுவரைக்கும் பிளைட்டுல ஏறினது கிடையாது, ஏர்போர்ட்டைக்கூடப் பார்த்தது கிடையாது, திருவனந்தபுரம்னாலே அப்பா நிக்கிறது கண்ணுக்கு வந்துரும், போவ மாட்டேன்னு வச்சிருந்தேன். "சார், வெள்ளிக்கிழமை காலையில நாலு மணிக்கு எங்க வீட்டுக்காரவ காரோட உங்க வாசல்ல நிப்பாங்க. நானும் வாரேன். நீங்க உள்ள போனதும் போட்டோ எடுத்துப் பாப்பாவுக்கு அனுப்பணும்ல"ன்னேன். "எதுக்கு மேடம் உங்களுக்குச் சிரமம்"ங்கான், நெத்தியெல்லாம் வேர்வை, துடைக்கக்கூடத் தெரியாம உக்காந்திருக்கான். "ஒரு சிரமமும் இல்ல சார், பத்து பத்துக்குப் பிளைட்டு, ராகுகாலத்துக்கு இருபது நிமிஷம் முன்னாடியே ஏறிருவீங்க." பேப்பரை மடிச்சு உறையில போட்டு அவன் கையில வச்சு, விரலை மூடி விட்டேன். கதவு திறக்குது, ஜெபராஜ் அண்ணாச்சி டீ வாசத்தோட உள்ள வாராவ, என்னம்மா, சாருக்கு டிக்கெட் கிடைச்சுட்டாங்காவ. "கிடைச்சுட்டு அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு இவன் பக்கம் திரும்பினேன். "நீங்க பெட்டியை மட்டும் எடுத்து வைங்க சார். மாலை நான் வாங்கிட்டு வாரேன்."